மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் சென்னையின் நெரிசல் தீருமா?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஆகும் 63,246 கோடி ரூபாயைப் பேருந்துகளுக்குச் செலவிட்டிருக்கலாமே என்றும், இவ்வளவு செலவுக்குப் பிறகாவது சாலை நெரிசல் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தீராது. மெட்ரோவுக்கு மாறியவர்கள் விட்டுச்செல்லும் இடத்தை, நெரிசலுக்கு அஞ்சி அதுவரை வண்டியை வெளியே எடுக்காதிருந்தவர்கள் சில மாதங்களிலேயே பிடித்துக்கொள்வார்கள். மேம்பாலங்களிலும் இதுவே நடந்தது. 1973இல் ஜெமினி மேம்பாலம் கட்டியதிலிருந்து நாம் பாலம் கட்டுவதை நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு பாலமும் நெரிசலை அடுத்த சிக்னலுக்குத் தள்ளிவிட்டதே தவிர, இல்லாமல் ஆக்கியதில்லை. உலகின் எந்தப் பெருநகரமும் ரயில் பாதை போட்டதனால் மட்டும் சாலையைக் காலியாக்கிவிடவில்லை.

ஆகவே ஒரு போக்குவரத்துத் திட்டத்தைச் சாலையில் கார்கள் எத்தனை வேகத்தில் போகின்றன என்பதைக் கொண்டு அளப்பதே தவறு என்பது என் கருத்து. சொந்த வண்டி இல்லாத ஒருவர், வியாசர்பாடியிலோ பெரும்பாக்கத்திலோ தம் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வேலையிடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர முடிகிறது, அதற்கு அவருடைய வருமானத்தில் எவ்வளவு போகிறது என்பதே சரியான அளவுகோல். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மெட்ரோவா பேருந்தா என்ற வாதம் பின்னுக்குப் போய்விடும். தடங்களும் பேருந்துகளும் குடியிருப்புகளும் ஒன்றையொன்று அறியாமல், வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனியாக முடிவு செய்யப்படுவதுதான் சென்னையின் அடிப்படைச் சிக்கல் என்பது அப்போது தெரியவரும்.

இதற்குப் பறக்கும் ரயிலைவிடத் தெளிவான சான்று இல்லை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலையையும் 2007 நவம்பரில் வேளச்சேரியையும் எட்டிய இந்தத் தடம், மெட்ரோவுக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே நகருக்குக் கிடைத்த உயர்மட்ட ரயில். ஆனால் தடம் எங்கே போக வேண்டும் என்பதை மக்கள் எங்கே போகிறார்கள் என்பது முடிவு செய்யவில்லை; நிலம் எங்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான் முடிவு செய்தது. அரசு நிலமாக இருந்த பக்கிங்காம் கால்வாயின் ஓரமாகவும், பல இடங்களில் கால்வாயின் படுகைக்குள்ளேயே தூண்களை இறக்கியும் பாதை அமைந்தது. கால்வாய் குறுகியதன் விலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையோரத் தெருக்கள் கொடுத்து வருகின்றன.

நிலையங்களைப் பாருங்கள். வணிக வளாகங்கள் வரும் என்ற கணக்கில் விமான நிலையம் போன்ற அகலத்தில் கட்டப்பட்ட தளங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக அந்தத் தளத்தைக் கடந்து, ஆளில்லாத படிகளில் இறங்கி, விளக்கு இல்லாத கால்வாய் ஓரத்துச் சந்தில் நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வர வேண்டியிருந்ததே பலரை இந்த ரயிலிலிருந்து விரட்டியது. பெருங்குடி என்ற பெயர் தாங்கிய நிலையத்தில் இறங்கினால், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெருங்குடி அலுவலகங்களுக்கு இன்னொரு வண்டி பிடித்தாக வேண்டும். ரயிலை ஓட்டுவது ரயில்வே. திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் பகுதியின் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தது மாநில அரசு. பேருந்தை விடுவது மாநகர் போக்குவரத்துக் கழகம். தெருவிளக்கும் நடைபாதையும் மாநகராட்சி. நிலையத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான அந்த ஐந்நூறு மீட்டருக்கு நால்வரில் ஒருவர்கூடப் பொறுப்பேற்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பின் கதை இன்னும் வருத்தமானது. 2008இல் தொடங்கிய அந்த வேலையில் பெரும்பகுதி முடிந்த பிறகும், ஆதம்பாக்கம் பகுதியில் சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளால் பத்தாண்டுக்கும் மேலாகத் தூண்கள் அந்தரத்தில் நின்றன. பரங்கிமலையில் புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் அப்போதே சந்தித்திருந்தால் தென்சென்னையின் பயணங்களே மாறியிருக்கும். மறுமுனையில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் சிந்தாதிரிப்பேட்டையோடு பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தடை பதினான்கு மாதங்கள் நீடித்தது. இந்தத் தடத்தை மெட்ரோ நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்து, 2025இல்தான் ரயில்வேயின் கொள்கையளவிலான இசைவை எட்டியது. அது நிறைவேற வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ஆனால் பெயர்ப்பலகையும் நிறமும் மாறி, மெட்ரோ அளவுக்குக் கட்டணமும் உயர்ந்துவிட்டால், ஐந்து ரூபாய்ச் சீட்டில் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் வேலைக்கு வருபவர்களை நாம் இழந்துவிடுவோம்.

அடுத்து நிலப் பயன்பாடு. போக்குவரத்து விவாதங்களில் இதைத்தான் நாம் எப்போதும் கடைசியில் பேசுகிறோம், சில சமயம் பேசுவதே இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. கடற்கரையோரக் குப்பங்களிலும் நகரின் நடுவிலும் அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 2000க்குப் பிறகு கொள்கை திசை மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்கள் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகம் எடுத்தது.

இதை ஒரு குடும்பத்தின் நாளாக எண்ணிப் பாருங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் வசித்தபோது எழும்பூரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவி, சமைத்துக் கொடுத்து, மதியத்துக்குள் நடந்தே வீடு திரும்பிய பெண்ணுக்கு, பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்கு வருவதென்றால் போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலை ஆறரைக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே பேருந்து கிடைக்க வேண்டும். கிடைத்த பேருந்து கூட்டம் காரணமாக நிற்காமல் போனால் அன்றைய வேலை போயிற்று. இப்படி வேலையை விட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாம் அவர்களுக்குக் கான்கிரீட் வீட்டைக் கொடுத்து, அந்த வீட்டை நடத்தத் தேவையான வருமானத்தை இருபது கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டோம். வீட்டுவசதிக் கோப்பு ஒரு துறையிலும் பேருந்துக் கோப்பு இன்னொரு துறையிலும் இருந்ததால் இது யாருடைய தவறாகவும் பதிவாகவில்லை.

இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். நாளொன்றுக்கு மெட்ரோவுக்கு அறுபது எழுபது ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால், மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவருக்கு அந்த நிலையம் தலைக்கு மேல் நிற்கும் ஒரு கட்டடம், அவ்வளவுதான். விலையில்லாப் பேருந்துப் பயணத்தைச் சலுகை என்று குறைத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். கடந்த பல ஆண்டுகளில் சென்னையில் எடுக்கப்பட்ட போக்குவரத்து முடிவுகளில் மிக அதிகமான பேருடைய அன்றாடத்தை மாற்றியது அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு ஈடாகப் பேருந்துகளின் எண்ணிக்கை உயரவில்லை என்பதே குறை.

இங்கே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி. ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் சில நூறு மின்சாரப் பேருந்துகளை வாங்கலாம் என்பது கணக்களவில் சரி. மத்திய அரசின் நகர்ப்புறச் சேவைத் தர அளவுகோல், ஆயிரம் பேருக்கு 0.6 பேருந்து இருப்பதை நல்ல நிலை என்று வகுக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரப் பகுதியில் சுமார் 86 லட்சம் பேர் இருந்தார்கள். அன்றைய கணக்கிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பேருந்துகள் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் நாலாயிரத்தை எட்டாமல் மூவாயிரத்துச் சொச்சத்திலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. அந்தப் பேருந்துகள்தான் நாளொன்றுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களைச் சுமக்கின்றன. மெட்ரோவின் பங்கு மூன்று லட்சத்தைச் சற்றுத் தாண்டிய அளவில் இருக்கிறது. விவாதத்திலும் செய்தித்தாள்களிலும் இந்த விகிதம் தலைகீழாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

ஆயினும் மெட்ரோவே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அண்ணா சாலை போன்ற ஒரு தடத்தில் காலை எட்டரை மணிக்கு நகர வேண்டிய கூட்டத்தை, கார்களோடும் இருசக்கர வாகனங்களோடும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் பேருந்தால் சுமக்க இயலாது. பேருந்தை வாங்கினால் போதாது. ஓட்டுநர், நடத்துநர், பணிமனை, உதிரிபாகம் என்று ஆண்டுதோறும் செலவு உண்டு. மெட்ரோவுக்கு வெளிநாட்டு வங்கிகள் நீண்ட காலக் கடன் தருகின்றன. பேருந்தின் அன்றாட இழப்புக்கு எந்த வங்கியும் கடன் தருவதில்லை. கட்டுமானத்துக்குப் பணம் கிடைக்கிறது, ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை என்ற இந்த அமைப்புத்தான் நம் நகரங்களின் முடிவுகளை உள்ளிருந்து வளைக்கிறது.

2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கும் ஒப்பந்த முறையில் ஓடத் தொடங்கின. தனியார்மயத்தின் முதல் படி என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஓட்டுநர்களின் ஊதியமும் வேலை நேரமும் ஒப்பந்ததாரரின் தயவில் விடப்படும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் காக்க வேண்டும். ஆனால் தடமும் நேரமும் கட்டணமும் கழகத்தின் கையில் இருக்கும்வரை, சக்கர நாற்காலியில் இருப்பவரும் முழங்கால் வலி உள்ள பாட்டியும் யாருடைய தோளையும் பிடிக்காமல் ஏறக்கூடிய பேருந்து சாலைக்கு வருவதை நான் வரவேற்கிறேன்.

பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்குவதைப் பற்றிச் சென்னை பேசிப் பேசி விட்டுவிட்டது. 2008இல் தில்லியில் அமைத்த தனித்தடம் கார் வைத்திருப்பவர்களின் எதிர்ப்பால் சில ஆண்டுகளில் அகற்றப்பட்டதைக் காட்டி, இங்கும் அதே கதிதான் என்பார்கள். 2009இல் தொடங்கிய அகமதாபாத் தடம் இன்றும் ஓடுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலை என்ற அகலமான ராஜீவ் காந்தி சாலையில் ஐ.டி. நிறுவனங்களின் வண்டிகளும் மாநகரப் பேருந்துகளும் மட்டும் போக ஒரு தடத்தை மெட்ரோ வேலை தொடங்குவதற்கு முன்பே ஒதுக்கியிருந்தால், அந்தச் சாலையின் பல ஆண்டு அவதியில் பாதியாவது குறைந்திருக்கும். வேலை முடிந்து தடுப்புகளை அகற்றும்போது, மீட்கப்படும் இடத்தை மறுபடியும் கார்களுக்கே கொடுக்காமல் இருக்க இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. தென்மாவட்டப் பேருந்துகளை நகருக்குள் விடாமல் புறநகரில் நிறுத்துவது சரியான கொள்கைதான். ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று அந்த முனையம் திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை, அதுவும் ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கம் கடற்கரை – செங்கல்பட்டுத் தண்டவாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு இன்னும் காகிதத்தில் இருந்தது. மெட்ரோ நிலையம் வாசலிலேயே இருக்கும் கோயம்பேட்டிலிருந்து, மெட்ரோவும் ரயிலும் நிற்காத இடத்துக்கு முனையத்தை நாம் மாற்றினோம். திருவொற்றியூரிலிருந்து மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் திருநெல்வேலிக்குக் கிளம்பும் குடும்பம், ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே நகரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டியதாயிற்று. கட்டடம் முடிந்தது; கட்டடத்துக்குப் போகும் வழி முடியவில்லை.

இதைத் தடுக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, உருவாக்கப்பட்டது. சட்டம் 2010இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின, முதல் கூட்டம் 2022இல் நடந்தது. 2025 செப்டம்பரில் அது கொண்டுவந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். சீட்டு எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் ஒரே சீட்டு வேறு, ஒரே கட்டணம் வேறு. செயலி மூன்று கட்டணங்களைக் கூட்டி ஒரு தொகையாகக் காட்டுகிறதே தவிர, மாறி ஏறுவதற்கான தண்டத்தை நீக்கவில்லை. புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் இடையிலான தூரத்துக்கு ஒரு கட்டணம், நடுவில் எதில் எத்தனை முறை மாறினாலும் அதே கட்டணம் என்ற முறை வந்தால்தான் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை 29சி பேருந்து ஒன்றுக்காகவே அரை மணி நேரம் காத்திருப்பவர், வந்த பேருந்தில் ஏறி மெட்ரோவுக்கு மாறத் துணிவார். அப்படி மாறுபவர்கள் பெருகினால், மெட்ரோவுக்கு இணையாக ஓடும் பேருந்துகளை விடுவித்துக் குறுக்குத் தெருக்களுக்கும் புறநகர்களுக்கும் சிற்றுந்துகளாக அனுப்பலாம்.

நடைபாதை பற்றி மாநகராட்சி 2014இலேயே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் பெரும்பங்கு நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் என்று அது சொன்னது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தக் கொள்கையின் அழகான பலன். ஆனால் அது கடைகளுக்கு வருபவர்களுக்கான நடைபாதை. மெட்ரோ நிலையத்தின் ஐந்நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள ஒவ்வொரு தெருவிலும் மின்மாற்றிப் பெட்டியும் நிறுத்திய பைக்குகளும் இல்லாமல் இருவர் இணையாக நடக்கக்கூடிய பாதை வேண்டும். 532 கோடி ரூபாய்க் கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் அதன் செலவு கண்ணுக்கே தெரியாது.

இப்போது இந்த விவாதம் ஏன் அவசரமானது என்றால், நகரின் வளர்ச்சியை வகுக்க 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஓடு முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரிக்கிறது. அதற்கிடையே 2022இல் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டுவிட்டது. எல்லை விரிந்தால் தடங்களும் விரிய வேண்டும் என்ற வாதம் உடனே எழும். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கிலோமீட்டர் மெட்ரோத் திட்டம் அப்படி எழுந்ததுதான். பரந்தூரில் திட்டமிடப்பட்டுள்ள புதிய விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் போன்ற ஊர்களின் வயல்களையும் ஏரிகளையும் எடுப்பது சரியா என்ற கேள்விக்கே அந்த மக்களுக்கு மனநிறைவான பதில் கிடைக்காத நிலையில், அங்கே மெட்ரோ போடும் பேச்சு நிலத்தின் விலையைத்தான் முதலில் ஏற்றும். நீண்ட தூரத்துக்கு நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நின்று நின்று போகும் மெட்ரோ பொருத்தமான வண்டியும் அல்ல. நிறுத்தங்கள் குறைந்த புறநகர் ரயிலே பொருந்தும். அரக்கோணம், செங்கல்பட்டு, கும்மிடிப்பூண்டித் தடங்களில் கூடுதல் பாதைகள் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால், மெட்ரோ தொடவே முடியாத எண்ணிக்கையில் மக்கள் பயனடைவார்கள்.

நிலையங்களைச் சுற்றி உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தரும் கொள்கையையும் நான் ஆதரிக்கிறேன், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, அந்தக் கட்டடங்களில் கட்டாய வாகன நிறுத்துமிட அளவைக் குறைக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் வசதியோடு மெட்ரோ வாசலில் கோபுரம் எழுப்பினால், பொதுப் பணத்தில் போட்ட தடத்தின் விலையேற்றத்தை மெட்ரோவில் ஏறவே ஏறாதவர்கள் அனுபவிப்பார்கள். இரண்டு, கூடுதலாக அனுமதிக்கப்படும் தளங்களில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளாக வாரியத்துக்கு ஒப்படைக்க வேண்டும். கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் நகருக்குள் திரும்பி வருவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது மக்களின் கருத்துக் கேட்கப்படும். அப்போது எத்தனை கிலோமீட்டர் புதுத் தடம் என்று மட்டும் கேட்காதீர்கள். புதிய குடியிருப்பு ஒவ்வொன்றும் எந்தத் தடத்தின் மீது அமைகிறது, முதல் குடும்பம் குடியேறும் நாளில் அங்கே பேருந்து ஓடுமா, அதற்கான பணத்தைக் கும்டா தன் கையில் வைத்திருக்குமா அல்லது நான்கு துறைகளிடம் கடிதம் எழுதிக் காத்திருக்குமா என்று கேளுங்கள்.